வேதம் முழுக்கத் தெரியாமல் வாலிபர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் சபை ஆயர் மூன்று வாலிபர்களை என் பொறுப்பில் விட்டு, “வேதம் சொல்லிக்குடுத்து, கூட இருந்து பாத்துக்குங்க” என்கிறார். அதில் இரண்டு பேர் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். நான் வேதாகமக் கல்லூரிப் பக்கமே போனதில்லை. ஷிப்மென்ட் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை இருக்கும். எவ்வளவு படித்த பிறகு தொடங்கலாம்? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இந்த வாரமே தொடங்குங்கள். முழுக்கப் படித்து முடித்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. ஆனால் அந்த மூவருக்கு நீங்கள் இருப்பதுபோல உங்களுக்கும் ஒருவர் இருக்க வேண்டும். அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் வரும் அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், பேச்சிலும் கெட்டிக்காரர். ஆனாலும் அவருக்குத் தெரிந்தது, இயேசுவுக்கு முன்னால் வந்த யோவான் கொடுத்த ஞானஸ்நானம் மட்டும்தான். எபேசுவில் அவர் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூட்டத்தில் எழுந்து அவரை மடக்கவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு, விட்டுப்போனதை விளக்கினார்கள். அவர்கள் இருவரும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள், உங்களைப் போல வேலைக்காரர்கள். ஆயரிடமோ சபையில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரிடமோ வாரம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசினாலும் போதும்.

புத்தகம் ஒன்றே ஒன்று எடுங்கள். மாற்கு. நான்கு சுவிசேஷங்களில் சின்னது, 16 அதிகாரம். வாரம் ஒன்று என்றால் நான்கு மாதம். ஷிப்மென்ட் வந்து இழுத்தடித்தாலும் ஐந்து, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். பையன்கள் கடைசிக் காலத்தைப் பற்றிய வெளிப்படுத்தலும் அந்திக்கிறிஸ்துவும் கேட்பார்கள், யூடியூப் அப்படி. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

எப்படிப் படிப்பது? மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களையே எடுத்துக்கொள்வோம். முதலில் விளக்கவுரை எதையும் தொடாமல், சத்தமாக இரண்டு தடவை வாசியுங்கள். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசலில்கூட நிற்க இடமில்லை. நான்கு பேர் நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். (அந்த ஊர் வீடுகளுக்குத் தட்டையான கூரை, மேலே ஏறப் படி இருக்கும். இதைச் சொல்லாவிட்டால் நம் பையன்கள் ஓட்டு வீட்டைத்தான் மனதில் பார்ப்பார்கள்.) இப்போது கேளுங்கள்: வந்தவனுக்கு என்ன தேவை? நடக்க வேண்டும். இயேசு முதலில் என்ன சொன்னார்? பாவம் மன்னிக்கப்பட்டது என்றார். ஏன் அப்படி? இந்த இடத்தில் அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அங்கே இருந்த வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர்கள், மனதுக்குள் நினைத்ததை வாசிக்கச் சொல்லுங்கள். தேவனைத் தவிர வேறு யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்பதுதான் அவர்கள் ஆட்சேபனை. கேள்வி சரியானதுதான். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான், இயேசு சொன்னதும் அவன் எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கிறான். கிறிஸ்து யார் என்ற உபதேசத்தை இப்படி வசனத்திலிருந்தே அவர்கள் கண்டுபிடித்தால் மறக்க மாட்டார்கள். நீங்கள் நோட்டில் எழுதி வந்து ஒப்பித்தால் வீட்டுக்குப் போவதற்குள் போய்விடும்.

உபதேசத்துக்கு மொத்தமாக ஒரு வரைபடம் வேண்டுமென்றால், ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணம் இருக்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று போகும் அதில், படித்த பகுதி எங்கே வருகிறது என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

புதிதாக வந்த இருவரில் ஒருவர் என்றைக்காவது, “அண்ணா, எங்க அப்பா இன்னும் குலசாமி கோயிலுக்குத்தான் போறாரு, அவரு கதி என்ன?” என்று கேட்பார். கொங்குப் பக்கம் முதல் தலைமுறை விசுவாசிகளிடம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அது தேர்வுக் கேள்வி அல்ல, அவருடைய அப்பாவைப் பற்றியது. சட்டென்று தீர்ப்பு சொல்லாதீர்கள், பூசி மெழுகவும் வேண்டாம். இரட்சிப்பு கிறிஸ்துவில்தான் என்பது சபையின் அறிக்கை, நியாயத்தீர்ப்பு தேவனுடைய கையில் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டு, அப்பாவை மதித்து நடக்கச் சொல்லி, அப்பாவுக்காக ஜெபிக்க அந்த வாலிபரோடு சேர்ந்து உட்காருங்கள். தெரியாத கேள்வி வந்தால் “கேட்டு வந்து சொல்கிறேன்” என்று சொல்லி, அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள்.

கூட இருப்பது என்றால் அவர்கள் வாழ்க்கையை நீங்கள் நடத்துவது என்று அர்த்தம் இல்லை. கல்யாணம், வேலை, கடன் விஷயங்களில் “கர்த்தர் எனக்குச் சொன்னார்” என்று முடிவெடுத்துக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் இருந்தால் வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, நாலு பேர் பார்க்கிற இடத்தில் சந்தியுங்கள். வெவ்வேறு சாதி வீட்டுப் பையன்களாக இருந்தால் மூவர் வீட்டிலும் மாற்றி மாற்றிக் கூடிச் சாப்பிடுங்கள். எந்த வீட்டுக்கு வர யார் சாக்குச் சொல்கிறார் என்பதைக் கவனித்தால், அடுத்து எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து முறையாகப் படிக்க ஆசை வந்தால், வேலையை விடாமல் படிக்கும் விரிவாக்க இறையியல் பாடங்கள் தமிழில் உண்டு. வீட்டில் பாடம் படித்து, குறித்த நாளில் குழுவாகக் கூடிப் பேசும் முறை. 1963-இல் குவாத்தமாலாவில், வயலையும் குடும்பத்தையும் விட்டு வர முடியாத சபைத் தலைவர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. ஷிப்ட் வேலைக்கும் பொருந்தும்.

2 தீமோத்தேயு 2:2-இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என்று நான்கு தலைமுறை வருகிறது. அதனால் மாற்கு 10-ஆம் அதிகாரம் வரும்போது மூவரில் ஒருவரை நடத்தச் சொல்லுங்கள். முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து, எந்தெந்தக் கேள்வி கேட்கப்போகிறார் என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் பேசாமல் பின்னால் உட்காருங்கள்.