துரோகமா, பார்ட் டைம் வேலையா?

கேள்வி: 2018 உலகக் கோப்பை நேரத்தில், ரியல் மாட்ரிட்டுக்குப் போக ஒப்புக்கொண்ட தன் கோச்சை ஸ்பெயின் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியது. நாமோ எஃப்சி கோவாவின் கோச்சையே இந்திய அணிக்கும் கோச்சாக வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினோம். மனோலோ மார்க்கேஸ் செய்தது துரோகம் இல்லையா? ஸ்பெயினுக்கு இருந்த ரோஷம் நமக்கு ஏன் இல்லை?
– ஒரு வாசகர், குமரி மாவட்டம்

பதில்: முதலில் அந்தத் 'துரோகம்' என்ற சொல்லை எடுத்து ஓரமாக வையுங்கள். துரோகம் என்றால் யாராவது ஒருவருக்குத் தெரியாமல் நடந்திருக்க வேண்டும். மனோலோ விஷயத்தில் யாருக்குத் தெரியாது? 2024 ஜூலையில் அவரை நியமித்த அன்றே அகில இந்திய கால்பந்து சம்மேளனம் சொல்லிவிட்டது: 2024-25 சீசன் முடியும்வரை கோவாவையும் பார்த்துக்கொள்வார், அதற்குப் பிறகு முழு நேரமும் இந்தியாவுக்கு. கோவா கிளப்பும் தலையாட்டியது. பந்தி போட்டு இலை விரித்துக் கூப்பிட்டவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டவரைத் திட்டுகிறீர்கள்.

ஸ்பெயின் கதை வேறு. அவர்களுடைய கோச் ஹூலன் லோபெடெகியின் ஒப்பந்தத்தை 2018 மே மாதத்தில்தான் 2020 வரை நீட்டித்திருந்தார்கள். அவர் பொறுப்பில் ஸ்பெயின் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மே 31 அன்று ஜிதான் ரியல் மாட்ரிட் கோச் பதவியை விட்டு விலகினார். ஜூன் 12 அன்று மாட்ரிட்டிலிருந்து அறிவிப்பு வருகிறது: அடுத்த கோச் லோபெடெகி. ஸ்பெயின் கால்பந்து சம்மேளனத் தலைவர் லூயிஸ் ருபியாலெஸுக்கு அந்தச் செய்தி, அறிவிப்புக்கு ஐந்து நிமிடம் முன்புதான் தெரியுமாம். ஃபிஃபா மாநாட்டுக்காக மாஸ்கோவில் இருந்தவர், அணி தங்கியிருந்த கிராஸ்னதாருக்குப் பறந்து வந்து, 13-ஆம் தேதி கோச்சை நீக்கினார். மறுநாள் உலகக் கோப்பை தொடக்கம். அதற்கு அடுத்த நாள் போர்ச்சுகலுடன் ஆட்டம்.

ஐந்து நிமிடம். மூன்று வாரத்துக்கு முன்பு கையெழுத்து வாங்கிய முதலாளிக்கு லோபெடெகி கொடுத்த அவகாசம் அவ்வளவுதான். அந்த டிரஸ்ஸிங் ரூமையும் நினைத்துப் பாருங்கள். 23 பேரில் ஆறு பேர் ரியல் மாட்ரிட் ஆட்கள். எதிர்ப்பக்கம் பிக்கே, புஸ்கெட்ஸ், ஆல்பா என்று பார்சிலோனாக்காரர்கள். இன்றைக்கு நம் கோச், ஆகஸ்டில் நம் எதிரி என்று தெரிந்த மனிதரிடம் பிக்கே போய், முழங்கால் வலிக்கிறது என்று மனம் விட்டுச் சொல்வாரா? பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பார்சிலோனாக்காரர், இது ஆட்டத்துக்காகவா, மாட்ரிட்டுக்காகவா என்று யோசிக்காமல் இருப்பாரா? லோபெடெகி நூறு சதவீதம் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்தச் சந்தேகம் ஒன்று போதும், ஒரு அணியைக் கெடுக்க.

ஆகவே ருபியாலெஸ் செய்தது சரி என்பதே என் கட்சி. (நெறிமுறை பேசிய அதே மனிதர் 2023-ல், பெண்கள் உலகக் கோப்பை மேடையில் வீராங்கனைக்கு முத்தம் கொடுத்த விவகாரத்தில் பதவியை விட்டதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது வேறு கதை.) ஆனால் நீங்கள் சொல்லும் ரோஷம் அவர்களுக்கு என்ன வாங்கித் தந்தது? போர்ச்சுகலுடன் 3-3. போர்ச்சுகலின் மூன்று கோலையும் போட்டவர், அப்போது ரியல் மாட்ரிட்டில் இருந்த ரொனால்டோ! அடுத்த சுற்றில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டும் 1-1, பெனால்டியில் வெளியே. அங்கே மாட்ரிட்டில், ஸ்பெயின் தன்னை நீக்கிய நாள்தான் தாயின் மரணத்துக்குப் பிறகு தன் வாழ்க்கையின் மிகத் துயரமான நாள் என்று கண் கலங்கிய லோபெடெகியை, பார்சிலோனாவிடம் 5-1 என்று தோற்ற மறுநாளே, அக்டோபர் 29 அன்று, ரியல் மாட்ரிட் வெளியே அனுப்பியது. நான்கு மாதத்தில் இரண்டு வேலையும் போனது.

அடுத்த வேலையை முன்கூட்டியே பேசி முடிப்பது மட்டும் குற்றம் என்றால் பட்டியல் நீளும். 1990-ல் இங்கிலாந்து கோச் பாபி ராப்சன், உலகக் கோப்பைக்குப் போகும் முன்பே ஹாலந்தின் பிஎஸ்வி கிளப்புக்கு ஒப்புக்கொண்டார். லண்டன் பத்திரிகைகள் உங்கள் சொல்லைத்தான் எழுதின: துரோகி. இங்கிலாந்து அரையிறுதி வரை போனது. 2014-ல் ஹாலந்து கோச் வான் ஹால் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேரும் செய்தி உலகக் கோப்பைக்கு முந்தைய மாதமே வெளியானது. ஹாலந்து மூன்றாம் இடம். 2016 யூரோவுக்கு (ஐரோப்பியக் கோப்பை) முன்பே இத்தாலி கோச் கான்டே செல்சி கிளப்புக்கு என்று ஊருக்கே தெரியும். அவருடைய இத்தாலி, ஸ்பெயினை 2-0 என்று அடித்து அனுப்பியது. இங்கெல்லாம் முதலாளிக்கு விஷயம் தெரியும். லோபெடெகி கதையில் தெரியாது. வித்தியாசம் அங்கேதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மனோலோ பொறுப்பில் இந்தியா ஆடியது எட்டு ஆட்டம். ஜெயித்தது ஒன்றே ஒன்று, ஷில்லாங்கில் மாலத்தீவுடன். நான்கு டிரா, மூன்று தோல்வி. இரட்டை வேலைதான் காரணம் என்று முடித்துவிடலாம், வசதியாக இருக்கும். ஆனால் தேதிகளைப் பாருங்கள். கோவாவுக்கு சூப்பர் கப் வாங்கிக் கொடுத்து, கிளப் சீசனை அவர் முடித்தது 2025 மே 3. அதற்குப் பிறகு கேம்ப் நடத்தி, கையில் ஒரே வேலையுடன் போன இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி: தாய்லாந்திடம் 0-2, ஹாங்காங்கிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் 0-1.

சரி, கோவாவுக்காக இந்தியாவை விட்டுக்கொடுத்தாரா? அதற்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது. ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்ப அணிக்குள் கொண்டுவந்தவர் மனோலோ. மார்ச் 25, வங்கதேசத்துடன் 0-0. பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 6, கோவாவின் சொந்த மைதானமான ஃபடோர்டாவில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். இரண்டு ஆட்டக் கோலையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் பெங்களூரு 2-0. இங்கே கோவா இரண்டு கோல் போட்டு கணக்கைச் சமன் செய்துவிட்டது. கூடுதல் நேரத்துக்குப் போகப் போகிறது என்று எல்லோரும் நினைத்தபோது, 'இஞ்சுரி டைமில்' தலையால் முட்டி கோவாவை வெளியே அனுப்பியவர் யார்? பெங்களூருவுக்கு ஆடிய அதே சேத்ரி. தான் திரும்ப அழைத்த 40 வயது ஆள், தன் கிளப்பின் கதையை முடிப்பதை மனோலோ நின்று பார்த்தார். இதற்குப் பிறகும் அவரைத் துரோகி என்பீர்களா?

ஆனால் இரட்டை வேலையில் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. லிஸ்டன் கொலாசோவை எடுத்துக்கொள்ளுங்கள். மோகன் பகான் கிளப் வீரர். இந்தியா கேம்ப்பில் அவருடைய கணுக்கால் எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கும் மனிதர்தான், அடுத்த மாதம் அவரை எப்படி மடக்குவது என்று கோவா வீரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பார்த்ததை மறக்க முடியுமா? உங்கள் ஊர்ப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டத்தில், போன வாரம் இந்த டீமுக்கு ஆடியவர் இந்த வாரம் எதிர் டீமில் நின்றால் யாரும் கேட்பதில்லை. அங்கே பரிசு ஒரு கோப்பை. இங்கே ஒருவருடைய பிழைப்பு.

இந்தச் சங்கடத்தை உண்டாக்கியது மனோலோ இல்லை. அவருக்கு முன் இருந்த ஸ்டிமாக், ஆட்களை விடச் சொல்லி கிளப்புகளோடு மல்லுக்கட்டியே காலத்தைத் தள்ளினார். 2023 ஆசிய விளையாட்டுக்குப் பாதி அணிகூடக் கிடைக்காமல், ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் ஹாங்சோ போய் இறங்கி, சீனாவிடம் 5-1 என்று வாங்கிக்கொண்டு வந்தது இந்தியா. கிளப்புகளைக் குறை சொல்லவும் வழியில்லை. நாட்டு அணி ஆட்டங்களுக்கென்று ஃபிஃபா குறித்த நாட்களுக்கு வெளியே வீரரை விட வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பளம் கொடுப்பவர்களும் அவர்கள்தான். அந்த ஸ்டிமாக்கை ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கி, அதற்கு இழப்பீட்டுத் தகராறும் வந்து நின்றபோது, ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிற ஒரு கோச்சைப் பாதி நேரத்துக்குக் கேட்டு வாங்குவது சம்மேளனத்துக்குச் சுலபமாகப் பட்டிருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் நாட்டு அணியை ஒரு வருடத்துக்குப் பார்ட் டைம் வேலையாக்கலாம் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள் என்பது ஊகம் இல்லை. உங்கள் ரோஷத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

2025 ஜூலையில் மனோலோ விலகினார். அடுத்து வந்த காலித் ஜமீல், ஜாம்ஷெட்பூர் கிளப்பின் கோச் வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்த மாதமே, மோகன் பகான் தன் வீரர்களைக் கேம்ப்புக்கு அனுப்ப மறுத்தது. அக்டோபர் 14, அதே ஃபடோர்டா மைதானம். இந்தியா முதல் கோல் போட்டும் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அன்று இந்தியாவின் கோச்சுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது.