கால் ரத்தக்குழாய் அடைப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய். கால் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது, குழாய்க்குள் விட்டு அடைப்பை விரிக்கும் சாதாரண பலூன் போதாது என்கிறார்கள். அறுவை சிகிச்சைதான் வழியா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலை இப்போது பலூனுக்குள்ளேயே வந்துவிட்டது. தொடை இடுக்கில் ஊசித் துளை போட்டு, மெல்லிய கம்பியின் மேல் அந்த பலூனை அடைப்பு வரை செலுத்துவோம். விரித்தால், சுண்ணாம்பு இறுக்கும் இடத்தில் அது உடுக்கை போல இடுப்பு சிறுத்துத் திரையில் தெரியும். அழுத்தத்தைக் கண்டபடி கூட்டினால் குழாய் கிழியலாம். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே அதிர்வலைகளை விடுகிறோம். சுண்ணாம்பில் விரிசல் விழ, அந்தச் சிறுத்த இடுப்பு விரிந்துகொடுக்கும். ஆனால் அடைப்பு தொடை இடுக்கிலேயே இருந்தால், திறந்து சுரண்டி எடுப்பதையே நான் இன்றும் விரும்புகிறேன்.

கேள்வி: கணுக்கால் அழுத்த விகிதம் (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தது) 1.5 வந்தது. 0.9-க்குக் கீழே போனால்தானே அடைப்பு?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: 1.4-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பக்கூடாது. குழாய் இறுகிப்போனதால் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையால் அதை அமுக்க முடியவில்லை என்றே பொருள். கால் விரலில் அழுத்தம் பாருங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுங்கள்.

கேள்வி: தொடையில் வைத்த ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) ஓராண்டுக்குள் அடைத்துவிட்டது. சரியாக வைக்கவில்லையா?
(வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. ஸ்டென்ட்டுக்குள் உடலே சதை வளர்க்கிறது. தொடைக் குழாய் ஒவ்வோர் அடிக்கும் வளைந்து முறுகுவதால் அங்கே இது அதிகம். அடைப்பு சதையா, ரத்தக்கட்டியா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டியென்றால் கரைக்கலாம் அல்லது உறிஞ்சி எடுக்கலாம். சதையென்றால் லேசரால் வழி உண்டாக்கி, மருந்து பூசிய பலூனை விரிக்கலாம். பாக்லிடாக்சல் என்ற, சதை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய பலூன்களால் உயிரிழப்பு கூடுமோ என்று 2018-இல் எழுந்த ஐயத்துக்கு ஆதாரமில்லை என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் அறிவித்தது. ஸ்டென்ட்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட் என்றால், ஏன் என்று கேளுங்கள். பீடியை விடாவிட்டால் எதுவும் நிலைக்காது. கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

கேள்வி: சிகிச்சை முடிந்து, விரல் புண்ணும் ஆறிவிட்டது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகலாமா?
(வாசகி, போளூர்)

பதில்: நடை நல்லதுதான், வலித்தால் நின்று, தணிந்ததும் தொடருங்கள். ஆனால் உணர்ச்சி மரத்த பாதத்தோடு 14 கிலோமீட்டர் வெறுங்காலில் வேண்டவே வேண்டாம். இவ்வருடம் ஆட்டோவில் சுற்றி வாருங்கள். அன்றாடம் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட, சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு) அணியுங்கள், இரவில் வீட்டில் ஒருவர் உங்கள் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும்.