முதல் பிறந்தநாளுக்குப் பலூன் அலங்காரம் வைப்பது ஆபத்தா?

மகளின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, பலூன் வளைவுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டீர்கள். நாத்தனார் மட்டும் "சின்னக் குழந்தைகள் வருகிற இடத்தில் பலூன் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்" என்று தடுக்கிறார். அவர் தேவையில்லாமல் பயமுறுத்துகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் பயப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இந்நேரம் பேச்சு பலூனைவிட்டு நகர்ந்து, யார் சொல் எடுபடுகிறது என்ற இடத்துக்குப் போயிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் ஆகிறது. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நான் சொல்வதைக் கேளுங்கள்.

சென்னையில் பிறந்தநாள், வளைகாப்பு, காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் பலூன் அலங்காரம் செய்வதுதான் என் தொழில். பாரிமுனை ஈவ்னிங் பஜாரில் மொத்தமாகச் சரக்கு எடுத்து, பம்பில் ஊதி, மண்டபத்தில் கட்டி, விழா முடிந்ததும் பிரித்துப் போவது வரை எங்கள் வேலை. இதைப் படித்துவிட்டுத் தொழிலில் இருப்பவர்கள் சிலர், சொந்தத் தொழிலுக்கே நான் உலை வைக்கிறேன் என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். நான் மருத்துவர் இல்லை. ஆனால் உடைந்த பலூன் எங்கே போய் விழும், அதைக் குழந்தைகள் எடுத்து என்ன செய்வார்கள் என்பதை எங்கள் தொழிலாளர்கள் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊதி முடிச்சுப் போட்டு, சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டிய பலூன் அங்கேயே இருக்கும்வரை பயமில்லை. பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, ஊதாத பலூன். இன்னொன்று, உடைந்த பலூனின் துண்டு. காசோ மணியோ தொண்டையில் சிக்கினால் அது கெட்டியான பொருள், சில சமயம் ஓரத்தில் கொஞ்சம் காற்று போக வழி விடும். ரப்பர் துண்டு அப்படி விடாது. எச்சிலில் நனைந்ததும் டம்ளர் வாயில் ஈர பாலிதீன் தாள் ஒட்டிக்கொள்வதுபோல் மூச்சுக்குழாயின் வாயில் படிந்து அடைத்துவிடும். குழந்தை மூச்சை இழுக்க இழுக்க, துண்டும் உள்ளே போகும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1995இல் ஓர் ஆய்வு வந்தது. 1972 முதல் 1992 வரை, உணவல்லாத பொருள்கள் தொண்டையில் அடைத்து இறந்த 449 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 29 விழுக்காட்டு மரணங்களுக்குக் காரணம் பலூன். அந்த நாட்டில் 1994இல் வந்த சட்டத்தின்படி, பலூன் பொட்டலத்தின் மேல் எச்சரிக்கை அச்சடித்தே ஆக வேண்டும்: 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஊதாத பலூனாலும் உடைந்த பலூனாலும் மூச்சடைக்கக்கூடும், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், உடைந்ததை உடனே எடுத்து எறிய வேண்டும். 8 வயது என்பதைக் கவனியுங்கள். தவழும் குழந்தைக்குத்தான் ஆபத்து, பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இறக்குமதிப் பொட்டலங்களில் இந்த எச்சரிக்கையை நானே பார்த்திருக்கிறேன். பஜாரில் எடை போட்டு வெறும் கவரில் கட்டிக் கொடுக்கும் பலூனில் ஒரு வரிகூட இருக்காது.

பெரிய பிள்ளைகளுக்கு ஏன் ஆபத்து என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. உடைந்த பலூன் துண்டை உதட்டில் வைத்து உள்ளே உறிஞ்சி, வாய்க்குள் குட்டி மொட்டு விட்டு, அதைத் திருகிப் பிடித்துப் பக்கத்துப் பிள்ளையின் நெற்றியில் அடித்து உடைக்கும் விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாம் எல்லோரும் விளையாடியதுதான். யோசித்துப் பாருங்கள், அந்த விளையாட்டே ரப்பரை வாய்க்குள் உறிஞ்சி இழுப்பதுதான். உறிஞ்சும் நேரத்தில் யாராவது சிரிக்க வைத்தால் போதும், பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் போதும்.

வில்லிவாக்கம் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். அதுவும் முதல் பிறந்தநாள்தான். வெள்ளையும் தங்க நிறமுமாக வளைவு கட்டியிருந்தோம். கேக் வெட்டும் மேசைக்கு மேலே தொங்கவிட, மிட்டாயும் ஜிகினாத் தூளும் நிரப்பிய பெரிய சிவப்புப் பலூனைக் குழந்தையின் தாய்மாமாவே வாங்கி வந்திருந்தார். "அது மட்டும் வேண்டாம் சார். உடைத்தால் மிட்டாயோடு ரப்பரும் கீழே விழும், குழந்தைகள் இரண்டையும் சேர்த்து அள்ளுவார்கள்" என்று சொன்னேன். "எங்கள் வீட்டில் எல்லாப் பிறந்தநாளுக்கும் உடைப்பதுதான், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார். அவர் வீட்டு விழா. அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

உடைத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் விழுந்து அள்ளின. பட்டு வேட்டி சட்டை போட்ட ஏழு வயதுப் பையன் ஒருவன், பிறந்தநாள் குழந்தையின் பெரியப்பா மகன், மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிவப்புத் துண்டு ஒன்றை வாயில் வைத்து மொட்டு விட்டான். தங்கையின் நெற்றியில் அடித்து உடைத்தான். அடுத்த துண்டை எடுத்தான். நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இருமல் இல்லை, அழுகை இல்லை. இரண்டு கையும் கழுத்துக்குப் போயிருந்தன. கண்கள் மட்டும் பெரிதாகி யாரையோ தேடின. மூச்சடைத்தால் குழந்தை கத்தும், நமக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோமே, கத்துவதற்குக் காற்று வேண்டாமா? பாட்டுச் சத்தத்தில் இரண்டடி தூரத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரியவில்லை.

நான்தான் கத்தினேன். அவன் பாட்டி ஓடி வந்து, புரையேறிவிட்டது என்று நினைத்து உச்சந்தலையில் தட்டினார். யாரோ தண்ணீர் கொண்டு வந்து வாயில் ஊற்றப் பார்த்தார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எச்சில் கையோடு எழுந்து வந்து தண்ணீரைத் தட்டிவிட்டார். செவிலியராம். பையனை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி அடித்தார். வரவில்லை. பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அணைத்து, தொப்புளுக்கு மேலே மடக்கிய கை முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக இழுத்தார். மறுபடி முதுகில் அடித்தார், மறுபடி இழுத்தார். கசங்கிய சிவப்புத் துண்டு எச்சிலோடு தரையில் விழுந்தது. அதன் பிறகுதான் பையன் அழுதான். அவன் பட்டுச் சட்டையின் முதுகில் சாம்பார் சாதத்தோடு ஐந்து விரலும் பதிந்திருந்தன. அந்த அம்மாள் கையைக் கழுவக்கூடப் போகாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொல்லி அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

மறுநாள் மீதிப் பணம் கேட்டபோது குழந்தையின் அப்பா, "உங்கள் பலூனால்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை போயிருப்பான்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். எங்கள் பலூன் வெள்ளையும் தங்க நிறமும். அடைத்தது சிவப்பு. அதை நான் அவரிடம் சொல்லிக் காட்டவில்லை, அந்த நேரத்தில் அவர் இருந்த நிலை எனக்குப் புரிந்தது. ஆனால் மூன்று பேருக்குக் கூலி கொடுத்தது என் கையிலிருந்து.

சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் மண்டப மேலாளர்கள் எங்களை நடத்தும் விதம் யாருக்கும் தெரிவதில்லை. சாயங்கால விழாவுக்கு நான்கு மணிக்குத்தான் கதவையே திறப்பார்கள், இரவு பத்தடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். கைப்பேசி வெளிச்சத்தில் வளைவைப் பிரிக்கிற எங்களால் தரையில் கிடக்கும் ரப்பர் துண்டை எப்படித் தேடிப் பொறுக்க முடியும்? மறுநாள் காலை அதே தரையில் வேறொரு வீட்டுக் குழந்தை தவழும். மண்டபத்துக்கு வாடகை வாங்குகிறவர்களுக்கு இதில் பொறுப்பு இல்லையா?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முன்பணம் போய்விடும் என்று கவலைப்படாதீர்கள். அலங்காரக்காரரை இன்றே கூப்பிட்டு, அதே தொகைக்குள் காகித விசிறி, துணித் திரை, தென்னங்குருத்துத் தோரணம், சாமந்திச் சரம் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். சில நாள் முன்னால் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் விழா என்றால் நான் இப்போது இதைத்தான் முதலில் காட்டுகிறேன். பளபளக்கும் ஃபாயில் பலூன் ரப்பர்போல் தொண்டையில் படிவதில்லை, அதனால் அது தேவலாம். அதன் ரிப்பனைக் கழுத்தில் சுற்றும் அளவுக்கு நீளமாக விடாதீர்கள்.

இல்லை, ரப்பர் பலூன்தான் வேண்டும் என்றால், மேலே மட்டும் கட்டச் சொல்லுங்கள். தரையில் உருட்டிவிடும் அலங்காரம் வேண்டவே வேண்டாம், படம் எவ்வளவு அழகாக வந்தாலும் வேண்டாம். மிட்டாய்ப் பலூன் உடைப்பதும் வேண்டாம். ஊதும் வேலை குழந்தைகள் வருவதற்கு முன்பே முடிந்து, மீந்த பலூன் பொட்டலம் பூட்டிய பைக்குள் போயிருக்க வேண்டும். வாயால் ஊதிப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். பலூன் உடையும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து போய்த் துண்டைப் பொறுக்க, பந்தியும் படமும் பார்க்காத ஒரு பெரியவரை நியமியுங்கள். உங்கள் நாத்தனார் மனப்பூர்வமாகச் செய்வார் என்று தோன்றுகிறது. கிளம்பும்போது பிள்ளைகள் வளைவிலிருந்து பலூனைப் பிய்த்துக் கையில் கொண்டுபோவார்கள், அதுதான் வீட்டுக்குப் போய் ராத்திரி கட்டிலுக்கு அடியில் உடையும். அதைத் தடுக்க முடிந்தால் தடுங்கள்.

அந்தச் செவிலியர் செய்ததைப் பிறகு முதலுதவிப் பயிற்சியில் முறையாகக் கற்றுக்கொண்டேன். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் சொல்லித் தருகிறார்கள், வீட்டில் ஒருவராவது போய்வாருங்கள். குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் உடனே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முதுகில் 5 அடி, பிறகு வயிற்றில் 5 அழுத்தம், மாறி மாறி. உங்கள் மகளைப் போல ஒரு வயதைத் தொடாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க முதுகில் 5 அடி, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 அழுத்தம். நினைவு தப்பினால் உடனே நெஞ்சழுத்த உயிர்காப்பு முறையை (சி.பி.ஆர்.) தொடங்க வேண்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாததை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், ரப்பர் இன்னும் கீழே போகும். துண்டு வெளியே வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

"நாங்களெல்லாம் பலூனோடு வளரவில்லையா" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: வளர்ந்தோம். வளராமல் போன பிள்ளைகள் இங்கே வந்து எழுத முடியாது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் பலூன் விற்கிறவர்களின் வயிற்றில் அடிக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர்களிடம் வாங்குங்கள், உடைந்தால் துண்டை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, மறக்காமல் பாருங்கள். விருந்தாளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரிசுப் பையில் பென்சிலோடும் மிட்டாயோடும் ஊதாத பலூன் இரண்டு போட்டுக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கடையில் கட்டித் தரும் பைகளிலும் இருக்கும். ஒவ்வொரு பையையும் திறந்து, பலூனை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.