மணல்மேட்டுப் புல்: புது இனமா, பழகிய இனமா? (கேள்வி பதில்)

கடற்கரை மணல்மேட்டில் புதிய புல்லினம் ஒன்று விவரிக்கப்பட்டதாக எங்காவது செய்தி வந்தால் போதும், "எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது" என்று படங்கள் வந்து குவியும். புல் வகைப்பாடு, தமிழ்நாட்டுக் கடலோரத் தாவரங்கள் இரண்டைப் பற்றியும் கேளுங்கள், சொல்கிறேன். மற்றதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்): சார், ஒரு புல்லைப் "புது இனம்" என்று சொல்ல என்னவெல்லாம் வேண்டும்?

முதலில், அது ஏற்கெனவே பெயர் பெற்ற எந்தப் புல்லும் இல்லை என்று காட்ட வேண்டும். புல் குடும்பத்தில் 11,000 இனங்களுக்கு மேல் உண்டு. கடலோரப் புல் என்றால் இன்னும் கவனம் தேவை. மலை உச்சிப் புல் அந்த மலையோடு நின்றுவிடலாம், கடற்கரைப் புல் அப்படி நிற்காது. ஹலோபைரம் முக்ரோனேட்டம் என்ற மணல்மேட்டுப் புல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியக் கரை வழியாக இந்தியா வரை இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டுத் தாவர நூலில் இல்லை என்பது மட்டும் போதாது. இலங்கை, பர்மா, அரேபியா, இந்தோனேசியா என்று நாலு பக்கத்து நூல்களையும், செடியைக் காயவைத்து ஒட்டி உலர்தாவரகங்களில் சேமித்திருக்கும் உலர்தாவரத் தாள்களையும் பார்த்தாக வேண்டும். வேலையில் முக்கால் பங்கு இதுதான். மணலில் நடப்பது கால் பங்குகூட இல்லை.

அடுத்தது பெயரிடும் விதிகள். தாவரங்களுக்கென்று பன்னாட்டுப் பெயரிடும் விதித்தொகுப்பு ஒன்று உண்டு. 1958 முதல் புது இனத்துக்கு ஒரு மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கு ஆதாரமான மாதிரியை, காட்டியே ஆக வேண்டும். 1990 முதல் அந்த மாதிரி எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். விளக்கம் முன்பு லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்றார்கள், 2012 முதல் ஆங்கிலமும் போதும். பன்னாட்டு வரிசை எண் (ஐஎஸ்எஸ்என்) உள்ள ஆய்விதழில் பிடிஎஃப் ஆக வந்தாலும் அதே ஆண்டிலிருந்து செல்லும். நாளிதழில் போட்டால் செல்லாது. முகநூலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் நாட்டில் கூடுதலாக ஒன்று. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புது இனம் கண்டவர் அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில் தொடங்கலாம். மெட்ராஸ் உலர்தாவரகம் என்ற பழைய பெயரோடு இருப்பது அங்கேதான்.

கேள்வி (தனுஷ்கோடி போய் வந்தவர்): படம் அனுப்பியிருக்கிறேன். மணலில் நீளமாகப் படர்கிறது, இலை நுனி ஊசி மாதிரி குத்துகிறது, பெரிய முள் உருண்டைகள் காற்றில் ஓடுகின்றன. புது இனமா?

ராவணன் மீசை. ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். நம் கிழக்குக் கரையில் மணல்மேட்டைக் கட்டுவதில் முதல் ஆள்.

புது இனம் இல்லை என்பதற்காக விட்டுவிடாமல் அடுத்த முறை குனிந்து பாருங்கள். இலை உள்பக்கமாகச் சுருண்டு கிட்டத்தட்ட ஒரு குச்சியாகவே இருக்கும். வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அது எடுத்த ஏற்பாடு. இலை தண்டைப் பிடிக்கும் இடத்தை மெல்லப் பிரித்தால், பல புற்களில் சவ்வு இருக்கும் இடத்தில் மயிர் வரிசை ஒன்று தெரியும். அதுதான் லிகுல். தரையோடு ஓடும் தண்டில் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். காற்று மணலைக் கொண்டுவந்து மேலே போட்டால் மற்றச் செடிகள் மூச்சு முட்டிப் போகும். இது புதைந்த கணுவில் வேர்விட்டு மேலே ஏறிவரும். ஏறிய இலை மறுபடி காற்றைத் தடுக்கும், வேகம் குறைந்த காற்று மணலை அங்கேயே போட்டுவிடும். மேடு உயரும், புல்லும் உயரும்.

கேள்வி: அதே இடத்தில் உருண்டை இல்லாத செடியும் இருக்கிறதே, அது வேறு இனம்தானே?

இல்லை. ராவணன் மீசையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. முள் உருண்டை பெண்ணுடைய கதிர்த்தொகுப்பு. முற்றியதும் கழன்று கரையோரமாக உருண்டுபோய், ஈரமணலிலோ மேட்டிலோ சிக்கி அங்கே விதை சேர்க்கும். ஆண் கதிரில் அந்த நீண்ட முட்கள் இருக்காது. சில இடங்களில் ஒரே செடி தண்டு ஓட்டியே பரவியிருக்கும், அதனால் கண்ணுக்கெட்டிய வரை ஆணாகவே இருக்கலாம்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், தூத்துக்குடி): பழைய ஆங்கிலத் தாவர நூலில் ஸ்பினிஃபெக்ஸ் ஸ்குவாரோசஸ் என்று இருக்கிறது. நீங்கள் வேறு பெயர் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான் ஐயா. நல்ல கேள்வி, பெயர் விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1768இல் தாவரவியலாளர் இளைய பர்மன் இந்தப் புல்லை ஸ்டைபா என்ற பேரினத்தில் வைத்து "லிட்டோரியா" என்றார். 1771இல் லின்னேயஸ் ஸ்பினிஃபெக்ஸ் என்று புதுப் பேரினம் உண்டாக்கி "ஸ்குவாரோசஸ்" என்று எழுதினார். பேரினம் லின்னேயஸ் சொன்னதுதான் சரி. ஆனால் இனப் பெயரில் முந்தியது பர்மனுடையது. 1912இல் மெரில் என்ற தாவரவியலாளர் இரண்டையும் சேர்த்து ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் ஆக்கினார். உங்கள் நூல் பழைய வழக்கப்படி எழுதப்பட்டது, அவ்வளவுதான். புது இனம் என்று அறிவிக்கப்பட்ட எத்தனையோ பெயர்கள் பின்னால் இப்படி ஒரு பழைய பெயருக்குள் போய் அடங்கியிருக்கின்றன.

கேள்வி: மணல்மேட்டில் முக்கோணத் தண்டுள்ள புல். புது இனமா?

தண்டு முக்கோணம், கணுவும் இல்லை என்றால் அது புல்லே இல்லை, கோரை.

கேள்வி (மரக்காணம்): கடல் பார்த்த பக்கம் குட்டையாக, இலை தடித்து இருக்கிறது. மேட்டின் பின்பக்கம் உயரமாக இருக்கிறது. இரண்டு இனங்களாகப் பிரிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். உப்புத் தூறல் படும் பக்கத்தில் எந்தப் புல்லும் குட்டையாகும். இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் அருகருகே வளர்த்துப் பாருங்கள். வித்தியாசம் மறைந்தால் அது இடம் செய்த வேலை. நிலைத்தால் அப்புறம் சிறுகதிரை, அதாவது புல்லின் பூக்களைத் தாங்கும் சின்ன அலகை, உருப்பெருக்கியில் பார்க்கலாம். புல்லில் இனத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சிறுகதிர்தான், உயரம் இல்லை.

வளர்த்துப் பார்க்க என்று வேரோடு பிடுங்காதீர்கள். ஒரு கணுத்துண்டு போதும். பிடுங்கிய இடத்தில் காற்று குழி பறிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், முள் உருண்டை...

ராவணன் மீசை. மேலே பாருங்கள்.

கேள்வி (வேதாரண்யம் பக்கம்): புல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் சவுக்குதானே நட்டார்கள்? புல் அலையைத் தடுக்குமா?

புல் அலையைத் தடுக்காது. புல் கட்டிய மேடு தடுக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு மரங்கள் எவ்வளவு காப்பாற்றின என்று பெரிய விவாதமே நடந்தது. பரங்கிப்பேட்டை வட்டாரக் கிராமங்களை வைத்து அலையாத்திக் காடுதான் உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் ஒரு கட்டுரை வந்தது. அதே புள்ளிவிவரத்தை எடுத்து, ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரும்பாலும் காரணம் என்று அடுத்த ஆண்டே வேறு சிலர் மறுத்தார்கள். கரையில் அந்த உயரத்தைக் காசில்லாமல் கட்டித் தருவது எது? மேட்டை இயந்திரம் வைத்துத் தட்டையாக்கிவிட்டு, அதே இடத்தில் சவுக்குக் கன்று நட்டு "உயிர்வேலி" என்று பலகை வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அவரே: சவுக்கு எரிக்க ஆகிறது, பந்தல் காலுக்கு ஆகிறது, காகித ஆலைக்குப் போகிறது. எங்கள் வீட்டில் அதுதான் படிக்க வைத்தது. உங்கள் புல் சோறு போடுமா?

போடாது. உங்கள் பட்டா நிலத்தில், மேட்டுக்குப் பின்னால், நன்றாகப் போடுங்கள். வேர் முடிச்சுகளில் நைட்ரஜனைச் சேர்த்து வெறும் மணலிலும் வளரும் மரம் அது, குறை சொல்ல மாட்டேன். என் பேச்சு கடலைப் பார்த்த முன்மேட்டைப் பற்றி மட்டும். ராவணன் மீசைக்கு முழு வெயில் வேண்டும். சவுக்கு நிழல் போடும், அதன் சருகு மெத்தையாக மூடும், கீழே புல்லும் வராது, அடம்பங்கொடியும் வராது. புல் போனால் மணலைப் பிடிக்க ஆளில்லை. தை, மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் திறந்த மணல்தான் வேண்டும், தோப்பு இல்லை.

கேள்வி (மீனவ கிராமம், பெயர் வேண்டாம்): இரண்டு பேரும் நல்லா பேசுறீங்க. படகு ஏத்த, வலை காயப் போட, கருவாடு போட எங்களுக்கு இடம் வேணும். பிள்ளைங்க காலில் அந்த முள் ஏறுது. அதனால்தான் மேட்டைத் தட்டினோம்.

உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது அம்மா. கரை முழுக்கப் புல்லாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போக வர ஒரே பாதை, அதுவும் கடற்காற்று நேராக நுழையாதபடி சற்றுச் சாய்வாக. படகு ஏற்ற ஓர் இடம். மீதி மேட்டைத் தொடாமல் விடுங்கள். ஆளுக்கொரு பாதை போட்டால்தான் மேடு துண்டுதுண்டாகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடு மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் இருக்கிறது. அந்த விதி சுற்றுலா விடுதிக்கும் பொருந்தும் என்பதை உங்கள் ஊர்க்கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் படகுகளைவிட மேட்டுக்கு ஆபத்து அங்கிருந்துதான்.

கேள்வி: சவுக்கு நம் நாட்டு மரம்தானே?

தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த மரம். சொந்த இடம் தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும்.

கேள்வி: சவுக்குக்குப் பதில் பனை?

பனை நல்லது, மேட்டின் பின்பக்கத்துக்கு. மரம் முடிந்தது, இனி புல் மட்டும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): டிஎன்ஏ பார்த்தால் ஒரு நாளில் தெரிந்துவிடாதா?

தாவரங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் இரண்டு மரபணுப் பகுதிகள் நெருங்கிய புல்லினங்களைப் பல சமயம் பிரித்துக் காட்டாது. அதோடு புற்களில் கலப்பும் குரோமோசோம் பெருக்கமும் சர்வசாதாரணம். ஸ்பார்ட்டினா என்று ஒரு சதுப்புப் புல் உண்டு. இங்கிலாந்தின் உப்புச் சதுப்பில் உள்நாட்டு ஸ்பார்ட்டினாவும் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பார்ட்டினாவும் கலந்து மலட்டுக் கலப்பினம் ஒன்று உண்டானது. 1870இல் அதைச் சேகரித்திருக்கிறார்கள். பின்பு அதன் குரோமோசோம் இரட்டித்து, விதை தரும் புது இனமே பிறந்தது: ஸ்பார்ட்டினா ஆங்லிகா. நம் தாத்தா காலத்தில் உலகத்தில் இல்லாதிருந்து வந்த புல்! டிஎன்ஏ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தாளிலிருந்து எடுத்தீர்கள் என்று காட்ட மாதிரி இல்லையென்றால் அந்த டிஎன்ஏ வரிசையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஆஸ்திரேலியப் பாலைவனத்திலும் ஸ்பினிஃபெக்ஸ் இருக்கிறதாமே?

அங்கே ஊர்ப்பேச்சில் அப்படிச் சொல்வது டிரையோடியா, வேறு பேரினம். உண்மையான ஸ்பினிஃபெக்ஸ் அங்கும் கடற்கரையில்தான்.

கேள்வி (கடலோர விடுதி நடத்துபவர்): ஐரோப்பாவில் மணலைக் கட்ட மாரம் புல் நடுகிறார்களாம். விதை வரவழைத்து நடலாமா?

கூடாது. ஒரு கரையின் புல்லை இன்னொரு கரைக்குக் கொண்டு போகாதீர்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஐரோப்பிய மாரம் புல்லையும் பிறகு அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாரம் புல்லையும் நட்டார்கள். மேட்டின் வடிவமே மாறியது, அந்தக் கரைக்குச் சொந்தமான செடிகள் ஒதுங்கின. இப்போது அந்த இரண்டும் கலந்து ஒரு கலப்பினமும் வந்திருப்பதை 2021இல் வெளியிட்டார்கள். உங்கள் விடுதி வாசலில் ராவணன் மீசை இருந்தால் அதை வெட்டாமல் இருங்கள். அதைவிட மலிவான வேலை இல்லை.

கேள்வி: நான் கண்டால் என் பெயரையே வைக்கலாமா?

விதி தடுக்கவில்லை. ஆனால் யாரும் செய்வதில்லை, செய்தால் சிரிப்பார்கள்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். மங்கலாக இருக்கிறது, மன்னிக்கவும். புது இனமா?

பச்சையாக ஏதோ தெரிகிறது. படத்தை வைத்து யாரும் புது இனம் சொல்ல மாட்டார்கள். கதிர், லிகுல், தண்டின் அடி மூன்றும் இல்லாமல் படம் அனுப்ப வேண்டாம் என்று இனி ஒட்டுமொத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளிலோ கோடியக்கரை சரணாலயத்திலோ வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கவும் வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்): சார், ராவணன் மீசையையே பயிற்சிக்காகத் தாளில் ஒட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அந்த முள் உருண்டையை எப்படி அமுக்குவது?

உருப்படியான வேலை. உருண்டையை அமுக்க முயல வேண்டாம், தாள்தான் கிழியும். தடித்த கையுறை போட்டு அதை நடுவில் பிளந்து, ஒரு பாதியைக் காகிதப் பையில் போட்டுத் தனியாகக் காய வையுங்கள். மறுபாதியிலிருந்து இரண்டு மூன்று சிறுகதிர்களைப் பிரித்துச் சின்ன உறையில் வைத்துத் தாளின் மூலையில் ஒட்டுங்கள். ஓடுதண்டைக் கத்தியால் வெட்டுங்கள், இழுக்க வேண்டாம். இரண்டு கணுக்களும் அவற்றின் வேரும் இலைகளும் இருந்தால் போதும். ஆண் கதிர் தனித் தாளில், தனி எண்ணோடு. செய்தித்தாளை முதல் சில நாள் தினமும் மாற்றுங்கள், கடற்கரைச் செடியில் உப்பு இருப்பதால் ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். சீட்டில் ஊர், நாள், உங்கள் பெயர், எண் இவற்றோடு அலை ஏறும் கோட்டிலிருந்து எத்தனை அடி, மேட்டின் எந்தப் பக்கம், ஆணா பெண்ணா என்பதையும் அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் பாதி மறந்துபோகும்.