பெட்டி, பேருந்து, பள்ளிக்கூடம்: அமெரிக்க நிறப்பிரிவினை வழக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹோமர் பிளெஸ்ஸி பார்வைக்கு வெள்ளையர் போலவே இருந்தாராமே? ரயிலில் அவரை எப்படிக் கண்டுபிடித்துக் கைது செய்தார்கள்? (மதுரை)

கைதாக வேண்டும் என்றே அவர் ரயில் ஏறினார். லூசியானா மாநிலம் 1890-இல் கொண்டுவந்த சட்டப்படி வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி. மாறி உட்கார்ந்தால் 25 டாலர் அபராதம் அல்லது 20 நாள் சிறை. இதை உடைக்க நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் ஒரு குடிமக்கள் குழு அமைத்தார்கள். பிளெஸ்ஸியின் உடலில் ஓடியது எட்டில் ஒரு பங்கு ஆப்பிரிக்க ரத்தம். அப்படிப்பட்டவரை நிறுத்தினால், யார் எந்த இனம் என்று ரயில் நடத்துநர் எப்படித் தீர்மானிப்பார் என்று கேட்கலாம் அல்லவா? ரயில் கம்பெனிக்கு முன்பே தகவல் சொல்லி, கைது செய்ய ஒரு தனியார் துப்பறிவாளரையும் குழுவே ஏற்பாடு செய்தது.

டிக்கெட்டிலும் கவனம் இருந்தது. அதற்கு முன் அலபாமாவுக்கு டிக்கெட் எடுத்து ஏறியவரின் வழக்கு, மாநிலம் தாண்டும் பயணிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற காரணத்தால் பயனில்லாமல் போயிற்று. 1892 ஜூன் 7 அன்று பிளெஸ்ஸி வாங்கியது மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் கோவிங்டனுக்கு. இவ்வளவு திட்டமிட்டும், வசதிகள் சமமாக இருந்தால் பிரித்து வைப்பது செல்லும் என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹார்லன் ஒருவரே.

கேள்வி: பேருந்துப் பிரிவினையை ஒழித்தது ரோசா பார்க்ஸ் வழக்குதானே? (சேலம்)

கறுப்பர்கள் பேருந்துகளைப் புறக்கணித்த போராட்டத்தைத் தூண்டியது, வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த அவருடைய கைது. சட்டத்தை வீழ்த்திய வழக்கில் அவர் பெயர் கிடையாது. 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரில் அவருக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் செலவுத் தொகையும் விதித்தார்கள். அது குற்ற வழக்கு. மேல்முறையீடு அலபாமா மாநில நீதிமன்றங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட முடியும். சட்டத்தைத் தொடாமல், ஏதாவது நடைமுறைக் காரணம் சொல்லி முடித்துவிடவும் முடியும்.

ஆகவே வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே 1956 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றத்தில் புதிதாக ஓர் உரிமை வழக்குப் போட்டார். பார்க்ஸைச் சேர்த்திருந்தால், நடந்துகொண்டிருக்கும் குற்ற வழக்கில் குறுக்கிடுகிறார்கள் என்று நகராட்சி வாதிட்டிருக்கும். பேருந்தில் அவமானப்பட்ட வேறு பெண்களே வாதிகள்: ஆரிலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே எழுந்திருக்க மறுத்துக் கைதானபோது கால்வினுக்கு வயது 15. அந்தச் சிறுமியின் பெயர் பாடப் புத்தகங்களுக்கு எட்டாமல் போனது பெரிய அநியாயம். ஐந்தாவதாகச் சேர்ந்த பெண் மிரட்டலுக்குப் பயந்து விலகியதும், சம்மதம் இல்லாமல் வழக்குப் போட்டதாகக் கிரே மீதே குற்றம் சாட்டினார்கள்.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2-க்கு 1 என்று சட்டத்தைச் செல்லாததாக்கியது. அத்தகைய அமர்விலிருந்து மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். 1956 நவம்பர் 13-இல் அங்கும் உறுதியாயிற்று. டிசம்பர் 20-இல் ஆணை நகருக்கு வந்து சேர்ந்த பிறகே, 381 நாள் நீடித்த புறக்கணிப்பு முடிந்தது.

கேள்வி: குழந்தைகளின் பள்ளிகளை விட்டுவிட்டு ஏன் முதலில் சட்டக் கல்லூரிகள் மீது வழக்குப் போட்டார்கள்? (திருச்சி)

பிளெஸ்ஸி தீர்ப்பு கேட்ட சமம் இல்லை என்பதை அங்கே எண்ணிக் காட்டலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி நூலகத்தில் 65,000 நூல்கள். கறுப்பருக்கென அவசரமாகத் திறந்த கல்லூரியில் 16,500. முழுநேரப் பேராசிரியர்கள் அங்கே 16, இங்கே 5. கட்டடமும் புத்தகமும் சமமானாலும் கல்லூரியின் பெயர், சக மாணவர்களோடு பழகும் வாய்ப்பு ஆகியவை சமமாகா என்று 1950-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டே, பொதுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் பள்ளி வழக்கை வென்றார்கள்.

கேள்வி: 1954 தீர்ப்பு 9-0 என்று வந்தும் பள்ளிகள் ஏன் உடனே மாறவில்லை? (யாழ்ப்பாணம்)

தீர்ப்பில் காலக்கெடு இல்லை. 1955-இல் வந்த இரண்டாவது தீர்ப்பும் 'உரிய நிதானத்துடன் கூடிய வேகத்தில்' என்றதோடு நின்றது. இது எதிர்த்தவர்களுக்கு வசதியாகிவிட்டது. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 1959-இல் பொதுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்புக் குழந்தைகள் பலருக்கு ஆண்டுக்கணக்கில் படிப்பே இல்லை. பள்ளி நடத்தத் தேவையான வரியை விதிக்கும்படி கவுண்டிக்கு ஆணையிடவும் கீழ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1964 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே, அந்த ஆண்டு பள்ளிகள் திறந்தன.