பழைய ஆபீஸுக்கு எவ்வளவு கேட்பது?

வணக்கம் ஐயா,

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். ஊழியர்களின் சம்பளக் கணக்கு மென்பொருள் என் பொறுப்பில் இருந்தது. அம்மாவைக் கவனிக்க வேண்டியிருந்ததால் போன வருடம் வேலையை விட்டேன். இப்போது பழைய மேனேஜர் கூப்பிட்டு, மூன்று மாதம், வாரத்துக்கு இருபது மணி நேரம் வீட்டிலிருந்தே செய்து தர முடியுமா என்று கேட்கிறார். "உன் மொத்தச் சம்பளம், சி.டி.சி., மாசம் 1,20,000. மணிக்கணக்குல வகுத்தா 700 ரூபா வருது. அதையே வெச்சுக்கலாம்மா, நம்ம ஆபீஸ்தானே. உனக்கும் சில்க் போர்டு டிராஃபிக் மிச்சம்" என்கிறார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அதிகம் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயக்கம். எவ்வளவு கேட்கலாம்?

ர., பெங்களூரு

அன்புள்ள ர.,

மணிக்கு 1,800 ரூபாய் கேளுங்கள். 700-க்குச் சம்மதிக்க வேண்டாம்.

அவர் வகுத்தது ஏறக்குறைய சரிதான். மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 176. மணிக்கு 682 ரூபாய். ஆனால் அந்த 1,20,000 அந்த 176 மணி நேரத்துக்கு மட்டும் தரப்பட்டதில்லை. யுகாதிக்கும் ராஜ்யோத்சவாவுக்கும் ஆபீஸ் மூடியிருந்தபோதும் சம்பளம் வந்தது. காய்ச்சலில் படுத்த நாளிலும், வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த வாரத்திலும் வந்தது. லேப்டாப், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவும் அந்த குரூப் இன்ஷூரன்ஸில் இருந்திருந்தால், நீங்கள் வேலையை விட்ட அன்றே அதுவும் போயிருக்கும். வயதானவர்களுக்குத் தனியாக பாலிசி எடுக்கப்போனால் பிரீமியம் என்ன சொல்கிறார்கள் என்பது இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் பக்கத்திலிருந்து கணக்குப் போடுவோம். தனியாக வேலை செய்பவருக்கு எல்லா நேரமும் காசாகாது. வேலை தேடுவது, கொட்டேஷன் அனுப்புவது, பில் போடுவது, பணத்துக்கு அலைவது எல்லாம் சேர்ந்து பாதி வாரத்தைத் தின்றுவிடும். வாரத்துக்கு 25 மணி நேரத்துக்குக் காசு வந்தால் நல்ல வாரம். வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் 1,200 மணி நேரம். உங்கள் பழைய வருடச் சம்பளம் 14,40,000. இன்ஷூரன்ஸ், லேப்டாப், இன்டர்நெட், ஆடிட்டர் செலவுக்கு 1,80,000 சேர்த்தால் 16,20,000. வகுத்தால் 1,350. பழைய நிலைமையில் நிற்பதற்கே இவ்வளவு வேண்டும். மூன்று மாதம் கழித்து வேலை இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் 1,800.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களை ஏன் கூப்பிடுகிறார்கள்? சம்பளக் கணக்கு அப்படிப்பட்ட வேலை. கர்நாடகாவில் தொழில் வரி மாதாமாதம், தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே மென்பொருளுக்குள் இரண்டும் ஓட வேண்டும். மார்ச் மாதத்தில் வரிப் பிடித்தம் தவறினால் ஆயிரம் பேர் ஹெச்.ஆர். வாசலில் நிற்பார்கள். புதிதாக ஒருவரை வைத்தால் இதெல்லாம் எங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளவே அவருக்கு இந்த மூன்று மாதமும் போய்விடும், அதற்கும் சம்பளம் தர வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் தேவையில்லை. மற்றவர் பத்து மணி நேரத்தில் செய்வதை நீங்கள் இரண்டில் முடிப்பீர்கள். மணிக்கணக்கில் மட்டும் வாங்கினால் அந்த வேகமே உங்களுக்கு நஷ்டம். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகளுக்கு மொத்த விலை சொல்லுங்கள். எவ்வளவு நேரம் இழுக்கும் என்று தெரியாதவற்றுக்கு மட்டும் மணிக்கணக்கு. போனில் கேட்கும் "ஒரு சின்ன டவுட்"டும் கணக்கில் வர வேண்டும்.

டிராஃபிக் மிச்சம் என்றாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டு வருடம் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வந்த நேரத்துக்கு ஆபீஸ் ஒரு பைசாவும் தந்திருக்காது. அன்றைக்கு அது உங்கள் நஷ்டம் என்றால், இன்றைக்கு மிச்சமாவதும் உங்களுக்குத்தானே?

வரி பற்றிச் சுருக்கமாக. வாரம் 20 மணி நேரம், 12 வாரம், 1,800 வீதம் மொத்தம் 4,32,000. சேவைத் தொழிலுக்கு வருடத்துக்கு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பணம் தரும்போதே டி.டி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். தொழில்முறைச் சேவை என்றால் பத்து சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் இரண்டு. அது உங்கள் பெயரில் கட்டப்படும் வரிதான், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம், சிறுதொழில்களுக்கான அரசின் உதயம் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்முனைவோருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் வட்டி உண்டு. பெரிய ஆபீஸ்களின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும், பில்லில் உதயம் எண்ணைப் பார்த்தாலே வேகம் வந்துவிடும்.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, அந்த நன்றியும் நியாயமானது. ஆனால் நன்றி அவருக்கு, பில் நிறுவனத்துக்கு. நீங்கள் குறைத்துக்கொள்ளும் ஆயிரம் ரூபாய் அவர் வீட்டுக்குப் போகப்போவதில்லை. அவருக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், பில்லில் 1,800 என்றே போட்டு, கீழே முதல் மாதத்துக்கு மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி என்று தனி வரியாக எழுதுங்கள். விலையையே இறக்கிவிட்டால் அடுத்த முறை பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

போனில் பேசி முடிக்காமல் மெயிலில் அனுப்புங்கள். பட்ஜெட் இல்லை என்பார். அப்போது விலையைத் தொடாமல் நேரத்தைக் குறையுங்கள்: வாரம் இருபதுக்குப் பதில் பன்னிரண்டு. அதற்கும் இழுத்தால் 1,350 வரை இறங்கலாம். அதற்குக் கீழே என்றால், "இந்த முறை முடியாது சார்" என்று சொல்லிவிட்டு வேறு இடத்தில் வேலை தேடுங்கள். சம்பளக் கணக்கு தெரிந்தவர்களுக்கு பெங்களூரில் வேலை இருக்கிறது.