இறுகிய முதுகெலும்பு, வயதான நோயாளி: சில கேள்விகள்

அப்பாவுக்கு 72 வயது. முப்பது வருடமாக அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து, அவை மெல்ல இறுகிப்போகும் நோய்). நாற்காலியிலிருந்து எழும்போது சாய்ந்து விழுந்தார். எக்ஸ்-ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். ஆனால் கழுத்துவலி குறையவில்லை. ஒரு வாரம் பார்க்கலாமா?

வேண்டாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இந்த நோயில் புதிதாக வலி வந்தால், முறிவு இல்லை என்று நிரூபணமாகும்வரை அது முறிவுதான்.

முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையிலுள்ள தசைநார்களும் எலும்பாக மாறிவிடுகின்றன. உள்ளே எலும்பின் அடர்த்தியும் குறைந்துவிடுகிறது. விழுந்த அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ள அசையும் மூட்டு எதுவும் மிச்சமில்லை. சாக்பீஸ் மாதிரி குறுக்காக முறிந்துவிடுகிறது. அதிகம் முறிவது கழுத்தின் கீழ்ப்பகுதி. சாதா எக்ஸ்-ரேயில் அந்த இடத்தைத் தோள்பட்டை மறைத்துவிடும். அதனால் சி.டி. ஸ்கேன் கேளுங்கள். ஒரே விழுகையில் இரண்டு இடம் முறிவதும் உண்டு, முதுகெலும்பு முழுவதையும் பார்ப்பதே நல்லது. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறதா என்று காட்ட எம்.ஆர்.ஐ. வேண்டும். நடந்தே வந்தவருக்குச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து கை கால் பலமிழப்பதற்கு இந்த ரத்தக்கட்டும் ஒரு காரணம்.

இன்னொன்று, இதுதான் அடிக்கடி தவறிப்போகிறது: பல வருடமாக முன்னோக்கி வளைந்திருக்கும் கழுத்தை, படுக்க வைத்து நேராக்கக் கூடாது. முறிவு விலகித் தண்டுவடம் நசுங்கலாம். தலைக்கு அடியில் தலையணை அடுக்கி, பழைய வளைவிலேயே வைத்துக் கொண்டு போங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமான காலர் அவருக்குப் பொருந்தாது.

பத்து வருடம் அடங்கியிருந்த முதுகுவலி, விழாமலேயே திரும்பியிருக்கிறது. நோய் மறுபடி கிளம்பிவிட்டதா?

எப்போது வலிக்கிறது என்று கவனியுங்கள். அழற்சி வலி ஓய்வில் கூடும், நடந்தால் தணியும். நின்றால் வலித்து, படுத்தால் தணிகிறது என்றால் கதை வேறு. நினைவில் இல்லாத ஒரு முறிவு சேராமல், அந்த ஒரே இடம் மட்டும் அசைந்துகொண்டிருக்கலாம். 1937-ல் விவரிக்கப்பட்ட ஆண்டர்சன் பாதிப்பு இது. ஸ்கேனில் தொற்று போலவும் தோன்றும். அதனால் சிலருக்குத் திசுப் பரிசோதனை தேவைப்படும். பெல்ட்டில் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை.

கழுத்தில் நெட்டி எடுக்கலாமா?

கூடவே கூடாது.

பல வருடமாக இதே நோயுள்ள அம்மாவுக்கு உட்காரும் இடம் மெல்ல மரத்துவருகிறது, சிறுநீரும் கசிகிறது. வயதுதானே காரணம்?

வயது என்று விட்டுவிடாதீர்கள். நீண்டகால நோயில் கீழ்முதுகின் நரம்புக்கற்றை மெல்லப் பாதிக்கப்படுவது அரிது, ஆனால் உண்டு. நரம்பு உறை விரிந்திருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். சிகிச்சையின் பலன் ஆளுக்கு ஆள் மாறும். இதே அறிகுறிகள் திடீரென வந்தால் அது அவசர நிலை.

முதுகெலும்பில் எடுத்த டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்) நார்மல். அப்படியானால் எலும்பு திடமா?

நம்ப முடியாது. ஓரங்களில் வளர்ந்த புது எலும்பும் கணக்கில் சேர்ந்து அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். இடுப்பு மூட்டில் எடுத்த அளவைப் பாருங்கள்.

வேறொரு அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள். ஏதும் சொல்ல வேண்டுமா?

மயக்க மருத்துவரிடம் முந்தைய நாளே சொல்லுங்கள். கழுத்து வளையாது, சிலருக்கு வாயும் சரியாகத் திறக்காது. முதுகில் ஊசி போடுவதும் சிரமம். மூச்சுக்குழாய் போட வளையும் கேமராக் குழாய் தேவைப்படலாம், அதைத் தயார் செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும்.